நாலு மணிக் காத்து

எங்க எண்ணூர்ல காத்துக்கு டைம்டேபிள் உண்டு. காலையில அது ஊருக்குள்ளேருந்து கடலைப் பார்த்துப் போவும். போற வழியில ஃபேக்டரிப் புகையையெல்லாம் வாரிக்கிட்டு எங்க தெரு வழியாத்தான் போவும். அப்போ ஜன்னலை மூடி வைக்கணும். மதியத்துக்கு மேல கடல் காத்து கிளம்பி வந்து அத்தனை புகையையும் மேற்கால தள்ளிடும். நாலு மணிக்கு எல்லா ஜன்னலையும் தொறந்துடணும். யாரும் சொல்லிக் கொடுக்க வேணாம், பல்லு விளக்குற மாதிரி தானா வர்ற பழக்கம்.

அதைத்தான் ஹைதராபாத்துக்கும் மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன்.

முதல்ல மாதாப்பூர்ல ஒன்பதாவது மாடி. தொறக்கவே தொறக்காத கண்ணாடி, எந்நேரமும் ஏசி. மனுஷி இருப்பாளா அதுல? என் புருஷன் டேனியலை நச்சரிச்சு, இந்த ஜூன்ல திருமுல்கேரிக்கு வந்துட்டோம். பழைய காலனி, மாடி வீடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல். மழைக்காலம் பூரா ஜிலுஜிலுன்னு காத்து. நாலு மணியானா தொறந்து விட்டுட்டு, "பிளெஸ்ஸி, கடல் காத்து வருது பாரு, நல்லா இழுத்துக்கோ"ம்பேன். பிளெஸ்ஸி என் பொண்ணு, ஆறு வயசு. கடலைப் பார்த்த ஞாபகமே அவளுக்குக் கிடையாது, கைக்குழந்தையா தூக்கிட்டு வந்தது.

"கடல் எங்கயோ இருக்கு, ஸ்டெல்லா"ன்னு டேனியல் சிரிப்பாரு.

"இருந்துட்டுப் போகட்டும், காத்துக்கு என்ன டிக்கெட்டா எடுக்கணும்?"னு அவர் வாயை அடைச்சிடுவேன்.

தீபாவளி முடிஞ்சு குளிர் வந்துது. புள்ளைக்கு வீசிங் பிடிச்சுக்கிச்சு. நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு கத்துற மாதிரி சத்தம். டாக்டரம்மா இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, "தூசி, புகை ஆகாது, நல்ல காத்து படணும்"னாங்க. நல்ல காத்துதானே, சாயங்காலம் இன்னும் ரெண்டு ஜன்னலைச் சேர்த்துத் தொறந்தேன். புள்ள போய்ப் போய் மூடுவா. "நக்கோ மம்மி, நக்கோ"ன்னு, வேணாம்ங்கறதை இந்த ஊர் பாஷையில சொல்லி அழுவா. "அடங்குடி, உனக்காகத்தான் தொறக்கறேன்"னு திட்டுவேன்.

கடைசியில சொல்லிட்டேன். "இந்த ஊர் இவளுக்கு ஆகாது. எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்கயே ஸ்கூல்ல சேர்த்துக்கறேன். நீங்க இங்க வேலையைக் கட்டிக்கிட்டு அழுங்க."

பேகம்பேட் ஆபீஸ்ல இப்பதான் டேனியலுக்கு வேலை நிலைச்சிருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டு, சாப்பிடாம படுத்துட்டாரு. புருஷனைத் தனியா விட்டுட்டுப் போறது விளையாட்டா? அதுக்காகப் புள்ள மூச்சைப் பணயம் வைக்க முடியுமா?

கிளம்புறதுக்கு முந்தின நாள் மதியம், மொட்டை மாடியில துணி காயப்போட்டேன். பிளெஸ்ஸி பக்கத்து வீட்டு நஸ்ரின் பொண்ணோட ஓடிப் பிடிச்சு விளையாடினா. ஒரு இருமல் இல்ல. தூரத்துல மௌலாலி பாறை பளிச்சுன்னு தெரிஞ்சுது. சாயங்காலம் துணி எடுக்கப் போனா, பாறையையே காணோம். கீழ வாட்ச்மேன் சருகு கொளுத்தியிருந்தாரு. புகை நேரா மேல வந்துது. எங்க மாடி உசரம் வந்ததும் நின்னு போச்சு. பால்ல ஆடை படியற மாதிரி அப்படியே படுத்துக்கிச்சு. தள்ளிக்கிட்டுப் போக ஒரு காத்து இல்ல. எங்க ஊரா இருந்தா இந்நேரம் அம்பத்தூரைத் தாண்டியிருக்கும். இங்க அது ஊர்ந்து ஊர்ந்து, நான் விரியத் தொறந்து வச்ச ஜன்னலுக்குள்ள போய்க்கிட்டிருக்கு.

கர்த்தரே! வெயில் ஏறி, புகையெல்லாம் மேல போற மதியத்துல மூடி வச்சிருக்கேன். குளிர்ல பஸ் புகை, ஆட்டோ புகை எல்லாம் தரையோட தங்கற நேரத்துல வா வான்னு உள்ள கூப்பிட்டிருக்கேன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதை. அதையும் புள்ள நெஞ்சுல விட்டிருக்கேனே!

ஓடிப்போய் எல்லாத்தையும் சாத்தினேன். டேனியல் வந்ததும் அழுதுக்கிட்டே சொன்னேன். அவர் பதில் சொல்றதுக்குள்ள, கட்டி வச்ச பெட்டியைப் பார்த்து பிளெஸ்ஸி தேம்ப ஆரம்பிச்சிட்டா.

"ஊருக்கு நக்கோ மம்மி."

"ஏன்டி தங்கம்?"

"அங்க கடல் பக்கத்துலயே இருக்குல்ல? கடல் காத்து வந்தா எனக்கு மூச்சு வராதுல்ல?"

டேனியல் மெதுவா போனை எடுத்தாரு. "அப்போ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடவா?"

"வேணாம். உங்களுக்கும் ஒண்ணு போடுங்க. திரும்பி வர்றதுக்கு மூணு பேருக்கும் சேர்த்துப் போடுங்க"ன்னேன். "நாலு மணிக்கு இவளைக் கரையில கொண்டுபோய் நிக்க வைக்கணும்."