இரண்டு இருபதுக்கு ஒரு பாலம்

எங்கள் துறைமுகத்தில் ஆண்டுக்கொரு முறை டச்சுப் பாரம்பரிய விழா நடக்கும். 'துணிச்சல் மிக்க நம் முன்னோர்கள்' என்று கரையோரம் பெரிய பதாகை கட்டுவார்கள். அட்டவணை எதுவும் இல்லாமல் கப்பலேறிப் போய், யாருடைய தீவிலோ ஜாதிக்காயைப் பிடுங்கிக்கொண்டு வந்த துணிச்சல் அது. பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுதப் பதாகையில் இடம் போதவில்லை போலும். அந்த முன்னோர்களின் வாரிசான என் தம்பி சீட்சேதான் விழாக் கமிட்டித் தலைவன். நாள் முழுவதையும் ஐந்தைந்து நிமிடமாக நறுக்கி அட்டவணை போட்டவனும் அவனே.

சீட்சேவுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. எட்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பௌக்கேயின் மீன்கடைக்குப் போகிறான். தலையை அண்ணாந்து, வாலைப் பிடித்து, வெங்காயம் ஒட்டிய பச்சை ஹெரிங் மீனை வாய்க்குள் இறக்குவான். பௌக்கே கணவனை இழந்தவள். எதிரே இருக்கும் தீவில் உணவுக்கடை வைத்திருக்கும் மகள், அம்மா தன்னோடு வந்து தங்கியே ஆகவேண்டும் என்கிறாள்.

விழாவன்று காலையில் பௌக்கேயே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"சீட்சே, பெட்டி கட்டியாச்சு. நாலு மணிக்குக் கப்பல். போறதா இருக்கறதான்னு நான் இன்னிக்கு முடிவு பண்ணணும். எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இன்னிக்கே சொல்லிடுங்க."

அவன் முகம் காதுவரை சிவந்தது. டைரியைப் புரட்டினான். "ரெண்டு இருபதுலேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் எனக்கு வேலையில்ல. கடைக்கு வரலாமா?"

"வாங்க" என்று சிரித்தபடி பாலத்தைக் கடந்து கடைக்குப் போனாள்.

இரண்டு பதினைந்துக்குத் தூக்குப் பாலம் மேலே போனது. பழைய பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்து உள்ளே வரும் நேரம். அதைக் குறித்தவனும் என் தம்பிதான். இரண்டு இருபதுக்கு அவன் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். நடுவே நாற்பதடித் தண்ணீர்.

"சீட்சே! இங்கேருந்தே சொல்லுங்க, காது கேக்குது!" என்று அவள் கையைக் குவித்துக் கத்தினாள்.

"கத்துடா" என்றேன் நான்.

"எல்லாருக்கும் கேக்குமேக்கா."

எங்கள் ஆட்களுக்கு மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம் என்று ஒரு பெருமை உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு என் மாமியாரின் சூப்பைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று பதினான்கு பேர் நடுவில் சொன்னவன் இவன். இப்போது வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு கப்பலாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, சாந்து பூசிய சுவர் போல நின்றான்.

இரண்டு ஐம்பதுக்குப் பாலம் இறங்கியது. முதல் ஆளாக அவள்தான் ஓடி வந்தாள். ஏப்ரனில் மீன் செதில்.

"சொல்லுங்க."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு அம்பதுக்குப் பாரம்பரிய உடைப் போட்டி. நான்தான் நடுவர். மூணே முக்காலுக்குக் கப்பல்துறைக்கு வந்துடறேன், பௌக்கே."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லேஸ் தொப்பியும் மரக்காலணியும் போட்ட முப்பது பெண்களில் யாருடைய தொப்பி அசல் என்று தீர்ப்புச் சொல்ல என் தம்பி விரைந்தான்.

மூன்றே முக்காலுக்கு, ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், அவன் கப்பல்துறையில் நின்றான். அவளும் பெட்டியோடு நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு டைரியைத் திறந்தான்.

"மூணு காரணம் எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன முன்னுரை."

முன்னுரை பத்து நிமிடம் போனது. கப்பல் ஊதியது.

"முதல் காரணத்த மட்டும் சொல்லுங்க, சீட்சே. சீக்கிரம்."

"முதலாவதா, குளிர்காலத்துல ரெண்டு வீட்ட சூடாக்கறதுக்குப் பதிலா ஒரு வீட்ட சூடாக்கினாப் போதும்."

பௌக்கேவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சரி. உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டைரியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். இரண்டாவது காரணம், அவன் வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது என்பது. மூன்றாவதைப் படித்தேன்: 'சனிக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வருகிறது.'

"அடப் பாவி, இத ஏன்டா முதல்ல சொல்லல?"

அவன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது காரணம் இல்லையேக்கா" என்றான். "அது எனக்கு இருக்கற கஷ்டம். அத எப்படி முதல்ல வெக்கறது?"