இரண்டு பொத்தான்களும் தங்கமணியும்

1.

ஒருநாள் தூக்கத்தின் விலை ஓசூரில் எண்ணூற்று அறுபது ரூபாய். ஓவர்டைம் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. டீயும் பன்னும் இலவசம். கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன் நான், இவ்வளவு மலிவான கொள்முதலைப் பார்த்ததில்லை.

கதை கிடைத்தது என் பாத்திரக்கடையில். குக்கர் வாங்க வந்த தங்கமணி, அதைத் தூக்குவதற்கு முன் இரண்டு கட்டைவிரல்களாலும் மேசையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"என்னம்மா, மேசை மேல கோவமா?"

"இல்ல அண்ணாச்சி…" கைகளைப் பார்த்தாள். "வீட்டுல அடுப்பு பத்தவைக்கதுக்கு முன்னாடியும் இப்படித்தான் அமுத்துதேன். இப்பத்தான் எனக்கே தெரியுது."

(சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாதிருக்க அந்த ஏற்பாடு.)

2.

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'மூக்கண்டப்பள்ளியின் புகை வானத்தை…' வேண்டாம். வானமா ஓவர்டைம் பார்க்கிறது?

இரண்டாவது: பன்னிரண்டு நாளாக லீவு இல்லை. சோறு இறங்கவில்லை. படுத்தால் காதுக்குள் பிரஸ் இடிக்கிறது. ஒரு பொத்தானில் டேப்பை ஒட்டிவிட்டால் ஒரு கைக்காவது ஓய்வு கிடைக்குமே என்று அவளுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அந்த யோசனையைக் கண்டுதான் பயந்துபோனாள். அடுத்த வாரம் கான்ட்ராக்ட் புதுப்பிப்பு. வாயைத் திறந்தால் வேலை போகலாம். மூடிக்கொண்டிருந்தால் விரல் போகலாம்.

இது தேறும்.

3.

அவளை மயங்கி விழவைத்து எழுதினேன். நாலு நாள் கழித்துத் தட்டு வாங்க வந்தவளிடம் வாசித்தும் காட்டினேன்.

"விழுந்தா அரைநாள் சம்பளம் போயிரும். வேற எழுதுங்க."

"சரி, வேலைய விட்டுடறியா?"

"வாடகைய நீங்க குடுப்பியளா?"

பேரத்தில் என்னையே மிஞ்சுகிறாள். "அப்ப என்னதான் பண்ண?"

"லைட்டப் போட்டேன்."

4.

மெஷினுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பீஸ் பழுதானால் அதைப் போடுவார்கள், லைன் நிற்கும். மனுஷருக்காக அதை யாரும் போட்டதில்லை. சூப்பர்வைசர் பாஸ்கரன் ஓடிவந்தார்.

"எந்த பீஸு? காட்டு."

"பீஸ் நல்லாருக்கு சார். நான்தான் சரியில்ல. இன்னைக்கு இதுல நின்னேன்னா கை போயிரும்."

"ஆளுக்கெல்லாம் லைட்டு போடுவாங்களாம்மா?"

பக்கத்து மெஷின் வினோதா, மத்திகிரிக்காரி, தன் விளக்கையும் போட்டாள். "நானும் ரிஜெக்ட்டு சார். ரெண்டுன்னு எழுதிக்கோங்க."

[இந்த இடத்தில் தங்கமணிக்கு நீண்ட வசனம் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். எழுந்த சிரிப்பில் அது யார் காதிலும் விழுந்திருக்காது.]

வரிசையில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. பாஸ்கரன் மேலே பார்த்தார், போனை எடுத்தார். டீ நேரத்துக்குள் முடிவாயிற்று: இரண்டு மணி நேரம் பிரஸ், இரண்டு மணி நேரம் பேக்கிங், மாறி மாறி. விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வேலை. தங்கமணியை மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

5.

கான்ட்ராக்ட்? திங்கட்கிழமை தெரியும். நான் எழுதினால் வியாபாரி புத்தியில் லாபமாக முடித்துவிடுவேன். ஆகவே அந்த வரி உங்களுடையது. என் பங்குக்கு வரவுசெலவு மட்டும்:

லைன் நின்றது பதினான்கு நிமிடம். குறைந்த பீஸ் இருபது. எரிந்த விளக்கு ஒன்பது. தங்கமணி தூங்கியது பதினாறு மணி நேரம்.

விரல், பத்து. அவள் தட்டை வாங்கிக்கொள்ளும்போது எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.