சாப்பாட்டு பெல்லுக்குப் பிறகு

எனக்குப் பிடித்த பீரியட் மதிய இடைவேளைதான். வையம்பட்டியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் திருச்சி காலேஜில் ஏது இடைவேளை என்று கேட்பவர்கள், ஆன்லைனில் எம்.காம். படித்துப் பார்க்கட்டும். ஸ்டீபன்ராஜ் சார் பாடம் முடிந்ததும் வகுப்பறை மைக்கை அணைக்காமலே போய்விடுவார். கேமராவில் போர்டும் அவர் மேசையும் மட்டும் தெரியும். நான் என் மைக்கை மூடிவைத்துவிட்டு, அங்கே இருப்பவர்களின் அரட்டையைக் கேட்டபடி சாப்பிடுவேன். பிரிட்டோ யாரையாவது ஓட்டுவான். ஜென்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர்களுக்கு நான் திரையில் ஹஃப்ஸா என்று ஒரு பெயர், அவ்வளவுதான். எனக்கோ அவர்களை விட்டால் சிநேகிதம் என்று யாருமில்லை.

அன்றைக்கு எல்லாரும் காலேஜ் கிரவுண்டில் கிரிக்கெட் மேட்ச் பார்க்கக் கிளம்பினார்கள். "நீங்க போங்கப்பா, எனக்கு முடியல" என்றாள் ஜென்சி. கொஞ்ச நேரத்தில் இருமல். அப்புறம் மூச்சை இழுக்கும் சத்தம். பையைக் கொட்டி எதையோ தேடினாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது.

மைக்கைத் திறந்தால், இத்தனை நாள் ஒட்டுக் கேட்டது அம்பலமாகிவிடும். நாளையிலிருந்து அந்த அறை எனக்கு இல்லை. யாராவது வந்துவிட மாட்டார்களா என்று பார்த்தேன். ஒரு சனியனும் வரவில்லை. இழுப்புச் சத்தம் மெலிந்துகொண்டே போனது.

திறந்துவிட்டேன்.

"யாராவது ஓடி வாங்க! ஜென்சிக்கு மூச்சுத் திணறுது!" வகுப்பறை ஸ்பீக்கர் கிழியும்படி கத்தினேன். மடியில் என் பிள்ளை வீறிட்டது.

பிரிட்டோ ஓடிவந்தான். "ஐயோ ஜென்சி! இன்ஹேலர் எங்க? பையில காணோமே!"

"சாப்பாட்டுப் பையில இன்னொன்னு இருக்கு! சைடு ஜிப்ல பாருங்க!" என்றேன்.

மருந்து அடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேன்.

பிரிட்டோ மேசைக்கு வந்து கேமராவையே பார்த்தான். "அவ என்னைக்கோ சாப்பிடறப்ப சொன்னது. எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா. உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் தினமும் சாப்பிடுவேன்."

முகமெல்லாம் எரிந்தது.

சத்தம் கேட்டு வந்த சாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "உதவி பண்ணினது சரி. ஆனா இது தப்பும்மா" என்று மைக்கை அணைக்கக் கையை நீட்டினார்.

"வேணாம் சார்." ஜென்சியின் குரல், இன்னும் இழுப்போடு. "அவ இன்னும் சாப்பிடல."