ஷ்யாம்சுந்தர் கத்தியின் கறை

1

இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பழைய மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவர்கள் தங்களுக்குள் விற்று வாங்கிக்கொள்ளும் ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே கத்தி, அதுவும் மொட்டை. எழுதுகிற கதைக்கு ஏதாவது தேறும் என்றுதான் சேர்ந்தேன். தாம்பரத்தைச் சுற்றி இத்தனை பேர் வீட்டில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்ச நாள் ராத்திரியில் கதவை இரண்டு தடவை பூட்டினேன். போகப் போகத்தான் புரிந்தது, அவர்கள் கத்தியால் வெட்டுவது ஆப்பிளும் பார்சல் கயிறும்தான். சண்டை எல்லாம் வாயால்.

சண்டைக்குக் குறைவே கிடையாது. படத்தில் இருந்தது ஒன்று, வந்தது ஒன்று. ஒரிஜினல் என்றாய், டூப்ளிகேட் அனுப்பியிருக்கிறாய். முகம் தெரியாதவர்களிடம் வாங்கினால் வேறு எப்படி இருக்கும்?

[முதலில் எழுதிய ஆரம்பம் இது: "இறந்து ஒரு வருடமான ஷ்யாம்சுந்தர், அன்று சாயங்காலம் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார்." பேய்க்கதை என்று நினைத்து நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று அடித்துவிட்டேன். ஆனால் நடந்தது என்னவோ அதுதான்.]

ஷ்யாம்சுந்தர் சிட்லபாக்கத்துக்காரர். குழுவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "ஷ்யாம் சார் பார்த்து ஓகே சொன்ன பீஸ்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சேர்த்த கத்திகளை இப்போது ஒவ்வொன்றாக விற்பவர் அவர் மனைவி தீபலட்சுமி. புருஷனின் போனிலிருந்து, புருஷனின் நம்பரிலிருந்து, புருஷனின் பெயரிலேயே.

2

வாங்கியவர் பிரிட்டோ. முடிச்சூரில் ஏ.சி. மெக்கானிக். அவர் முதலில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. அதிலிருந்து எதையும் பத்து தடவை திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

அவர் கேட்டு வாங்கியது ஷ்யாம்சுந்தர் தன் கைக்கென்று வைத்திருந்த கத்தி. எருமைக்கொம்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதால்தான் கொய்யாப்பழம் நறுக்குவார். இருபது வருடப் பழக்கம்.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு தேவை, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே போடுகிறேன். பழைய இரும்புக் கத்தியில் பழச்சாறு பட்டுப் பட்டு ஒரு கறை ஏறும். நீலம், சாம்பல், கறுப்பு. துரு வேறு, இது வேறு. சேர்ப்பவர்களுக்குக் கத்தியைவிடக் கறைதான் உயிர். ஒரு கத்தியின் கறை இன்னொன்றில் வராது என்பதால் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஷ்யாம்சுந்தர் கத்தியின் கறை மாங்கொட்டை வடிவத்தில் இருந்தது. விற்பனைப் படத்தில் நானே பார்த்தேன்.)

பார்சல் வந்தால் பிரிப்பதை வெட்டு இல்லாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். பிரிட்டோ எடுத்தார். சந்தேகத்தோடு திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒட்டிய டேப், பெட்டி, துணிப்பொட்டலம், அதற்குள் கத்தி. கேமரா எங்கும் விலகவில்லை. கத்தி பளபளவென்று மின்னுகிறது. மாங்கொட்டையைக் காணோம். பின்னணியில் பிரிட்டோவின் குரல்: "இன்னாது இது? புத்தம் புது பீஸ் மாதிரி கீது!"

தீபலட்சுமியும் சட்டப்படி பார்சல் கட்டியதை வீடியோ எடுத்திருந்தார். ஆனால் அதில் கத்தி ஏற்கெனவே வேட்டித் துணியில் சுற்றப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்தது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். "அதே கத்திதான் அனுப்பினேன்" என்று ஷ்யாம்சுந்தர் பெயரில் பதில் போட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருவர், "ஷ்யாமே ஒரிஜினலை எப்பவோ வித்துட்டு டூப்பை வெச்சிருந்திருப்பார்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். இன்னொருவர், "அப்போ எனக்குக் குடுத்தது?" என்றார். அவரிடம் வாங்கிய அத்தனை பேரும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அந்தப் பெண்மணி புருஷனுடைய போனில் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு குறிப்பும் எடுத்துக்கொண்டேன், மறைப்பானேன்.

3

நான் எந்தப் பக்கமும் இல்லாதவன் என்பதால் இரண்டு பேருமே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிட்டோ சேலையூரில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து கத்தியை மேசைமேல் வைத்தார்.

"நீங்களே வெச்சுக்கோங்க சார். காசு கூட வோணாம். எனக்கு ஷ்யாம் சார் கத்தி வோணும். வெள்ளத்துல என் பீஸ் எல்லாம் பூட்ச்சுன்னு கேட்டு, வூடு தேடி வந்து ஒன்னு சும்மா குட்த்தாரு சார் அந்த மனுஷன்." கத்தியை என் பக்கம் தள்ளினார். "நேத்து அதையும் எட்த்துப் பாத்துகினு இருந்தேன், அது ஒரிஜினலான்னு. எனக்கே அசிங்கமா பூட்ச்சு."

தீபலட்சுமி போனில் பேசினார். "பணத்தை வேணா இன்னிக்கே திருப்பிப் போட்டுடறேன் சார். ஆனா அவர் ஏமாத்துக்காரர் இல்லைன்னு அந்த பிரிட்டோ அதே குரூப்ல எழுதணும். ஆபீஸ்ல அவருக்கு என்ன பேர் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கத்திக்காரங்ககிட்டதான் அவருக்கு ஒரு பேர் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டா எப்படி சார்?"

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சந்தேகப்படுவதுதான் என் தொழில்.

பிரிட்டோ மாற்றினாரா? வீடியோ இடம் கொடுக்கவில்லை. கூரியர்காரனா? டேப் கலையவில்லை. செத்தவரா? படத்தில் கறை இருந்ததே, படம் எடுத்தது அவர் போன பிறகு. மிச்சம் ஒருவர்தான். சுற்றிக் கட்டிய துணி, அழுத்தமான குரல், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த அவசரம். நிரபராதிகள் இவ்வளவு சீக்கிரம் பணம் தருவார்களா? இப்படி எழுதினேன்:

"தீபலட்சுமி சமையலறை அலமாரியைத் திறந்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் உண்மையான கத்தி இருந்தது. அதை எடுத்து அவள்"

இதோடு விட்டுவிட்டேன். என்ன செய்வாள் என்று தெரியவில்லை. யாருக்கு விற்பாள்? எதற்காக? அவருடைய நினைவாக வைத்துக்கொள்ளத்தான் என்றால், முதலிலேயே விற்காமல் இருந்திருக்கலாமே. ஆனாலும் அந்த அரிசி டப்பா எனக்குப் பிடித்திருந்தது. பார்க்காத வீட்டில், பார்க்காத டப்பாவுக்குப் பின்னால் ஒரு கத்தியை வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் சிட்லபாக்கம் போனேன்.

4

வியாழக்கிழமை சாயங்காலம். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கதவு திறந்திருந்தது.

"பின்னாடி வாங்க சார், கை ஈரமா இருக்கு."

கொல்லைக் குழாயடியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண்மணி. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, மணி எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஒரு கிண்ணத்தில் ஊறிய புளி. பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற பவுடர், கம்பி நார்.

நான் தயாரித்துப் போயிருந்த கேள்விகளில் முதலாவதைக் கேட்டேன். "படத்துல கத்தி கறுப்பா இருந்துச்சேம்மா?"

"கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றார், மணியைத் தேய்த்துக்கொண்டே.

"வந்தது பளபளன்னு இருக்கே?"

"இருக்காதா பின்ன? அரை மணி நேரம் தேய்ச்சேன்."

எனக்கும் ஒரு பலகையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"இதை நீங்க குரூப்ல சொல்லவே இல்லையே?"

"தேய்ச்சதை எல்லாமா சொல்லிக்கிட்டிருப்பாங்க? புதுசு மாதிரி இருக்குன்னு அந்த பிரிட்டோ முதல்ல போட்டப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் திட்டறார்னு புரிஞ்சுது. தேய்ச்சா பளிச்சுன்னு ஆகும்னு கத்தி வாங்கறவருக்குத் தெரியாதா சார்? தெரிஞ்சும் டூப்ளிகேட்டுங்கறார்னா, வேணும்னேதான் சொல்றார். அந்த ஆள் மேல எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம்."

"சார் இருந்தப்பவும் நீங்கதான் தேய்ப்பீங்களா?"

"தொடவே விட மாட்டார். கையை அறுத்துப்பேன்னு பயம். அவ்ளோ அழுக்கோட வெச்சிருந்தார் மனுஷன். இப்ப அவர் பொருள் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகுது. அப்படியே அனுப்பினா என்ன நினைப்பாங்க, வீட்ல பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளான்னு கேக்க மாட்டாங்க?"

கறை போனால் விலை போய்விடும், அடையாளம் போய்விடும் என்று ஷ்யாம்சுந்தர் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். கை அறுந்துவிடும் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்கு இப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

அரிசி டப்பாவைப் பார்க்காமலே திரும்பியிருக்கலாம். ஆனால் தீபலட்சுமி மணியை வைத்துவிட்டு, புளித்தண்ணீர் இருந்த தட்டிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தார். அடுத்து விற்கப்போவது. அதன் இரண்டு அலகுகளும் விரிந்திருந்தன. ஒன்று கண்ணாடியாக மின்னியது. மற்றதில் இன்னும் அந்த நீலமும் சாம்பலும் அப்படியே இருந்தன.

5

கதையை இங்கேயே முடிக்கலாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது, திருடர் யாரும் இல்லை. ஆனால் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லையே.

ஒரு முடிவு: கறையைப் பற்றித் தீபலட்சுமியிடம் சொல்லிவிடுகிறேன். தேய்த்ததை அவர் குழுவில் எழுதினால் ஐந்தே நிமிடத்தில் ஷ்யாம்சுந்தரின் பெயர் சுத்தமாகிறது. அதோடு, தான் அரை மணி நேரம் தேய்த்துக் கழுவிவிட்டது அழுக்கு அல்ல, அவர் மொட்டை மாடியில் கழித்த இருபது வருடச் சாயங்காலங்கள் என்பதும் இந்தப் பெண்மணிக்குத் தெரியவரும். அவர் பேரைப் பறித்தது பிரிட்டோ அல்ல, தன்னுடைய கைதான் என்பதும்.

இன்னொன்று: பிரிட்டோவிடம் மட்டும் சொல்கிறேன். "அதே கத்திதான், நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்று அவர் குழுவில் போடுகிறார். நல்ல மனுஷன், போடுவார். ஆனால் குழு விடுமா? எப்படி, ஏன், ஆதாரம் எங்கே என்று குடையும். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பதிலைத் தீபலட்சுமி புருஷனின் போனில் படிப்பார்.

மூன்றாவது, எதுவும் சொல்லாமல் வந்துவிடுவது. [இதைத்தான் முதலில் எழுதினேன். கொல்லையில் விளக்குகள் மின்னின, நான் கேட்டைச் சாத்தினேன் என்று அழகாகக்கூட வந்தது. கிழித்துவிட்டேன்.] உள்ளே பீரோவில் இன்னும் ஒரு இழுப்பறை நிறையக் கத்திகள் இருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் ஒன்று புளியில் ஊறும், மின்னும், போகும், டூப்ளிகேட் என்று பெயர் வாங்கும். ஷ்யாம்சுந்தரை முழுக்கத் துடைத்து முடிக்க இந்த மழைக்காலம் போதும்.

இந்தக் கதையில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான் பாக்கி. நீங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்களே, நான் எழுதிய அந்த அரிசி டப்பாவைக் கொஞ்சமாவது நம்பினீர்களா இல்லையா? நம்பியிருந்தால் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பலகையில் எனக்குப் பதிலாக நீங்கள் உட்காருங்கள்.

6

தீபலட்சுமி கறை படிந்த அலகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கம்பி நாரை எடுத்து ஒரு இழுப்பு இழுக்கிறார். கறையின் ஓரம் மட்டும் வெளுக்கிறது. திருப்தியில்லை. கத்தியை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

"இந்தப் பக்கம் மட்டும் போகவே மாட்டேங்குது சார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சா வந்துடும், இல்ல?"

கை நீட்டியபடியே இருக்கிறது. கத்தியிலிருந்து புளித்தண்ணீர் சொட்டுகிறது. சொல்லுங்கள்.