உள்பக்கத் தையல்

புருஷன் போன பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் துணிக் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். இந்த வயதில் யார் சும்மா கொடுப்பார்கள்? ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முதல் நாளே தோன்றிவிட்டது.

தைத்து வரும் சட்டைகளை மடித்து அடுக்குவதுதான் வேலை. எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துத்தான் மடித்தேன். தினமும் ஒன்றிரண்டில் தையல் விட்டிருந்தது. பழியை என் தலையில் போட்டு வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, சூப்பர்வைசரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

“கெட்டதை வேணும்னே எனக்குத் தள்றீங்களா?”

“ஆமாக்கா, நான்தான் சொருகினேன். புதுசா வர்ற எல்லாருக்கும் சொருகுவேன். நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க. நாளையிலேருந்து செக்கிங்ல உக்காருங்க. சம்பளமும் ஜாஸ்தி.”

வீட்டில் மகனிடம் சொன்னேன். அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன், அன்று டீ போட்டுக் கையில் கொடுத்தான்.

“பேங்க்குக்கெல்லாம் நீ எதுக்கும்மா அலையணும்? சம்பளத்தை என் அக்கவுண்ட்லயே போடச் சொல்லிடு.”

அந்த அக்கறையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

“டீ நல்லா இருக்குடா. அக்கவுண்ட் என் பேர்ல முதல் நாளே திறந்தாச்சு.”