தங்கை கை காட்டினால்

அண்ணன் ஓட்டும் ரோந்து வண்டி நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் தங்கை வேலை பார்க்கும் தெருவைக் கடக்கும். அவள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, ரத்தம் எடுக்கக் கை வைத்த நாற்காலி. பின்பக்கம் ஓயாமல் முனகும் இயந்திரங்கள். காலைக் கூட்டம் வடிந்திருக்கும் நேரம் அது. வெள்ளைக் கோட்டோடு வாசற்படியில் வந்து நின்று கையை லேசாக அசைப்பாள். இடுப்புக்கு மேல் கையைத் தூக்க அவளுக்குக் கூச்சம். அண்ணன் முன்விளக்கை ஒருமுறை அடித்துவிட்டுப் போவான். பட்டப்பகலில் அந்த வெளிச்சம் வேறு யார் கண்ணிலும் படாது.

அது சாப்பாட்டுப் பையில் ஆரம்பித்த பழக்கம். அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பில் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணி பிறகு சமைத்து இரண்டு டப்பாக்களைக் கட்டிக் கொடுப்பாள். தங்கை இரண்டையும் கொண்டுவருவாள். வண்டி கூடத்தின் முன் நிற்கும், பை கை மாறும், வண்டி போய்விடும். யாரோ அதைப் படம் பிடித்து, காவல்துறைக்குப் புதிதாக இந்தச் சேவை எப்போது தொடங்கியது என்று கேட்டு ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

பெரிய அதிகாரி அண்ணனைக் காலை அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. வாயால் கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

"இனிமே உன் வீட்டு ஆளு கை காட்டினா வண்டி நிக்கக் கூடாது. ரோட்டுல விழுந்து புரண்டாலும் நிக்கக் கூடாது. புரியுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்குக் 'கேரியர்' என்று பெயர் விழுந்தது. அவன் ரொட்டி வாங்கித் தின்று காலம் தள்ளினான். பை போய் விளக்கு மட்டும் மிஞ்சியது.

வீட்டில் இந்த நிறுத்துகிற விஷயம் அடிக்கடி பேச்சில் வரும். கை காட்டி வண்டியை நிறுத்தி, கூண்டிலிருந்து பறந்த கிளியைப் பிடித்துத் தரச் சொன்ன அம்மாளைப் பற்றிச் சொல்வான். புருஷனை நாலு வார்த்தை மிரட்டிவிட்டுப் போகச் சொன்னவளும் உண்டு, வழி கேட்டவர்கள் கணக்கில்லை. யார் கை காட்டினாலும் நிறுத்தத்தான் வேண்டும், வேறு அவசர அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு. அதுதான் விதி. "நாங்க என்ன பஸ்ஸா, கை காட்டினா நிக்க?" என்பான் அண்ணன். "பஸ்ஸே நிக்கிறதில்லை, நீங்களாவது நில்லுங்க" என்பாள் அண்ணி.

போர்டுக்காரர் விழுந்தது ஒரு சாதாரண நாளில்.

பக்கத்து மருந்துக்கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார். ஏணி கடைக்காரருடையது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை, அடியில் மடித்த அட்டை வைத்திருந்தார்கள். தங்கை உள்ளே குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். நிறுத்தியிருந்த சரக்கு வேனுக்கும் கடைப் படிக்கும் நடுவில் அவர் கிடந்தார். தொடை இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உடைந்த எலும்பு குத்திய இடத்தில் ரத்தம். அவள் துணியை வைத்து அழுத்தினாள். யாரும் தூக்காதீர்கள் என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது தெருமுனையில் ரோந்து வண்டி திரும்பியது. அதன் பின்பக்கத்தில் மடக்கிய ஸ்ட்ரெச்சர் உண்டு. அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று அண்ணனுக்குப் பயிற்சியும் உண்டு. மருந்துக்கடைக்காரர் அவள் தோளைத் தொட்டார்.

"உங்க அண்ணன் வண்டிதானே? நீ போய்க் கை காட்டும்மா. உனக்குன்னா கண்டிப்பா நிக்கும்."

எனக்குத்தான் நிற்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் பையைச் சொல்ல வேண்டும், அணிவகுப்பைச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால் அண்ணனின் அவமானத்தை எப்படிச் சொல்வது? துணியைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

வண்டி அருகில் வந்தது. அண்ணன் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. வண்டி போய்விட்டது.

பிறகு ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் போர்டுக்காரரைச் சரக்கு வேனில் ஏற்றினார்கள். அவர் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

அவர் பிழைத்தார். ஆனால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது, எலும்பும் நேராகச் சேரவில்லை. தூக்கிய விதத்தால் ஆனதா, விழுந்த விதத்தால் ஆனதா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி ஏணி ஏற முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் காவல்துறை மேல் புகார் கொடுத்தார். தெருவில் யார் பேச்சை எடுத்தாலும் நிற்காத வண்டியைப் பற்றியே பேசினார். ஏணி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தன் இலாகாவில், பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார்ஜென்ட் வயர்லெஸ்ஸை நோண்டக் குனிந்திருந்ததால் அவரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் கவனக்குறைவு, ஓர் எச்சரிக்கையோடு முடியும். பார்த்தும் போனான் என்றால் வேலையே போகலாம். விளக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

அண்ணி அதை அறியாதவள். ஆனாலும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாத்திரம் துலக்கியபடியே தங்கையிடம், அவரு பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு, என்றாள். உன்னைப் படிக்க வெச்ச மனுஷன், என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டு குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அண்ணன் தங்கையைப் பார்ப்பதையே தவிர்த்தான். ஒரே வீட்டில் அது சுலபமில்லை, முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போக ஒரே வழிதான்.

போர்டுக்காரர் வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு வருவார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது அவசியம். நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் முடிவு தப்பாக வரும். அவள் கண்ணைக் குழாயிலேயே வைத்திருப்பாள். அதனால் பேசாமலிருக்கலாம்.

விசாரணைக்கு முந்தின வாரம் அவர் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த வண்டி நம்மளைப் பாத்துச்சா, பாக்கலையா?"

"எதுக்குங்க?"

"கால் போனது போச்சு. பாக்காம போனா அது என் நேரம். பாத்துட்டே போனாங்கன்னா அது வேற. ராத்திரி படுத்தா அதே யோசனைதான். எதுன்னு தெரிஞ்சா தூங்கிடுவேன்."

தெரியலைங்க என்றாள். ரத்தம் கோட்டைத் தொட்டது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னாள்.

விசாரணை அறையில் நீளமான மேசை ஒன்றும் சத்தம் போடும் மின்விசிறி ஒன்றும் இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அதே பெரிய அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஓர் எழுத்தர். சுவரோரம் அண்ணன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எங்கே நின்றாள், எப்படிக் கை காட்டினாள் என்றெல்லாம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கூடத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிற கவனத்தோடு சொன்னாள்.

"வண்டியை ஓட்டினவர் உங்களைப் பாத்தாரா?"

அவள் அண்ணன் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"பாத்தாரு சார். லைட் அடிச்சாரு."

அண்ணன் தலை நிமிரவில்லை. எழுத்தர் எழுதினார். அதிகாரி அத்தோடு கோப்பை மூடப் பார்த்தார். நீங்க போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்கு சார். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

"என்ன இருக்கு?"

"வீட்டு ஆளு கை காட்டினா நிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ரோட்டுல விழுந்து புரண்டாலும் நிக்கக் கூடாதுன்னு."

எழுத்தரின் பேனா நின்றது. அவர் அதிகாரியைப் பார்த்தார்.

"நான் சொன்னது சாப்பாட்டுப் பைக்கு" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை.

"அடிபட்டவர் வேனுக்குப் பின்னாடி கிடந்தாரு. ரோட்டுலேருந்து தெரியாது. அண்ணனுக்குத் தெரிஞ்சது நான் மட்டும்தான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபின் எழுத்தரிடம், எழுதிக்கொள் என்று சைகை காட்டினார்.

வேலை போகவில்லை. வண்டி போயிற்று. அண்ணனைக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலையில் போட்டார்கள், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்த வேண்டும் என்ற பழைய விதியே புது உத்தரவாகப் போனது. வீட்டு ஆள், வெளி ஆள் என்ற பேச்சு அதில் இல்லை.

விசாரணை முடிந்து இருவரும் ஒரே பேருந்தில்தான் வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழி வரை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வேற யாரு கை காட்டியிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா நீ ஓடி வந்தே? அந்தக் கடைக்காரரை அனுப்பியிருக்கலாமே. போற வர்றவன் எவனையாவது அனுப்பியிருக்கலாமே."

அவளிடம் பதில் இருந்தது. அவன் கேட்டது விசாரணை அறையில் யாரும் கேட்காத கேள்வி. உனக்கு நேர்ந்த அவமானத்தை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கூச்சத்தின் விலை ஒரு மனிதரின் கால் என்று கணக்கு வருமே. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு பார்த்தான். என்ன புரிந்ததோ, மேலே கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினான்.

அண்ணி அவளோடு பேச ஒரு வாரம் பிடித்தது. அதுவரை சாப்பாடு தட்டில் விழுந்தது, வார்த்தை விழவில்லை. அண்ணனுக்கு இப்போது வேலை நேரம் மாறியிருந்தது. டப்பாவைக் கையோடு கொண்டுபோனான்.

அடுத்த முறை போர்டுக்காரர் வந்தபோது அவளே ஆரம்பித்தாள். ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

"அன்னிக்குக் கேட்டீங்களே. அவரு என்னைப் பாத்தாரு. உங்களைப் பாக்கலை. ஓட்டினது எங்க அண்ணன். எனக்காக நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. அது தெரிஞ்சும் நான்தான் போனேன்."

அவர் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினார்.

"அப்போ பாத்துச்சு, ஆனா பாக்கலை."

"ஆமாங்க."

"இதை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குறது?" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. கையை நீட்டினார். குழாய் கோடு வரை நிரம்பியது.

பஞ்சை வைத்து, ரொம்ப நேரம் மடக்கியே வைத்திருங்கள், உங்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது என்று வழக்கம்போல் சொன்னாள். அவர் தடியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனார். அவளும் கதவைப் பிடித்துக்கொள்ளக் கூடப் போனாள். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். ரோந்து வண்டி தெருமுனையில் திரும்பியது. அவள் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

போர்டுக்காரர் வண்டியைப் பார்த்தார். தடி ஒரு கையில். மடக்கியிருந்த மற்றக் கையை நீட்டி நன்றாக உயர்த்தினார்.

வண்டி நின்றது. புது ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை தம்பி. நிக்குதான்னு பாத்தேன்."

ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தடியையும் காலையும் பார்த்தான், பிறகு அவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பஞ்சு கீழே விழுந்திருந்தது. அவர் முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கையை மடக்குங்க" என்று சொல்லி, அவள் புதுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.