ஜங்லிகாட் கடைக் காப்பி

பூங்கோதைக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவள் காப்பியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கொட்டை அரைத்துத் தருகிற கடைக்காரனே மேடம் வந்தால் மெஷினை நிறுத்தி, துடைத்துவிட்டுத்தான் அரைப்பான். அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர் அவள். கோப்பு விஷயத்தில்கூட யாருக்காவது விட்டுக்கொடுப்பாள். சிக்கரி விஷயத்தில் மாட்டாள்.

என்ன பிரயோஜனம்? அந்தக் காப்பியை அவளே போட்டு அவளே குடிக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் கேன்டீன் மெஷினில் வருவதை அவள் காப்பி என்றே ஒப்புக்கொள்வதில்லை. டில்லிக் குளிரில் வீடே ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கும்போது எழுந்து பில்டரில் வெந்நீர் ஊற்றுவது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை. புருஷன் ஜோதிலிங்கம், மத்தியப் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர், "எனக்கு கேஸ் பத்த வைக்கவே தெரியாதும்மா" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

அதனால்தான் இந்த எல்.டி.சி. மேல் அவளுக்கு அத்தனை ஆசை. குடும்பத்தோடு ஊர் பார்த்து வர அரசாங்கம் தன் ஊழியர்களுக்குத் தருகிற பயணச் சலுகை அது. இதுவரை வந்ததெல்லாம் விருதுநகர்க் கல்யாணத்திலும் காதுகுத்திலுமே தீர்ந்துபோயிருந்தது. இந்தத் தடவை அந்தமான்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பவளப்பாறையும் படகும் இருந்தால் இருக்கட்டும். காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வேறொருவர் போட்ட நல்ல காப்பி அவள் கைக்கு வர வேண்டும். ஒரு வாரம் அது நடந்தால் போதும். அது இல்லையென்றால் போவதே தண்டம்.

கிடைக்குமா என்ற கவலை அவளுக்கு இல்லை. ஜோதிலிங்கம் முன்பு போர்ட் பிளேரில் மூன்று வருஷம் தனியாக வேலை பார்த்தவர். மகள் கவிப்ரியாவின் பள்ளிக்கூடத்துக்காகப் பூங்கோதை டில்லியிலேயே இருந்துவிட்டாள். அவர் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரே புராணம்.

"ஜங்லிகாட்ல ஒரு கடை. படிக்கட்டுல உக்காந்தா எதிர்ல கடலு. அந்தக் காப்பி முன்னாடி உன் காப்பி... வேணாம், விடு."

வயிறு எரிந்தாலும் பூங்கோதை அந்தக் கடையை நம்பினாள். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தாள். "அந்தமான் போனா நல்ல காப்பிக்கு எங்க போகணும்னு என்னைக் கேளுங்க!"

கவிப்ரியாதான் போனைத் தேய்த்தபடி முணுமுணுத்தாள். "அப்பா, அந்த ஷாப் மேப்ல வரவே மாட்டேங்குது. பேரு என்ன, நாம் க்யா ஹை?"

"சின்னக் கடைம்மா. பேரெல்லாம் கிடையாது."

"பேரில்லாத கடையிலதான் காப்பி நல்லாருக்கும். உனக்கு என்னடி தெரியும்?" என்று மகளை அடக்கினாள் பூங்கோதை. அடக்கியதோடு நிற்கவில்லை. போர்ட் பிளேரில் ஜோதிலிங்கத்தோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருந்த சுரேஷ்குமார், டில்லிக்கு மாற்றலாகி வந்து முனிர்காவில் அறை எடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும், கடைக்கு வழி கேட்க அவனை ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

"அவன் எதுக்கு? பாவம், அலைச்சல்" என்றார் ஜோதிலிங்கம். அன்றைக்கு அவருக்கு இருந்த கரிசனத்தைப் பூங்கோதை கவனிக்கத் தவறிவிட்டாள்.

சுரேஷ்குமார் வந்தான். இட்லியை ஒரு பிடி பிடித்தான். டவராவில் ஆற்றி ஒரு வாய் குடித்தான்.

"பிரமாதம் மதினி. இருந்தாலும் அண்ணே கைப்பக்குவம் வராது."

"எந்த அண்ணே?"

"நம்ம அண்ணேதான்! ஜங்லிகாட்ல அண்ணே பில்டரைத் தட்டுற சத்தத்துலதான் நாங்க எந்திரிப்போம். குவார்ட்டர்ஸ் பின்னாடிப் படிக்கட்டுல வரிசையா உக்காந்திருப்போம், எதிர்ல கடலு. எல்லாருக்கும் அண்ணேதான் போட்டுக் குடுப்பாரு. வெளியில ஒரு கடைக்கும் போனதில்ல."

ஜோதிலிங்கம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது ஓடவில்லை.

"அப்பாவா? கிச்சன்லயா? சச் மே, நெஜமாவா?" என்றாள் கவிப்ரியா.

விருந்தாளி இருக்கிறவரை பூங்கோதை சிரித்த முகமாகவே இருந்தாள். இன்னும் ரெண்டு இட்லிகூட வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஊரு ஆம்பளைக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்கீக. எனக்கு ஒரு டம்ளர் குடுக்கக் கை வரலையா?"

"வந்த அன்னைக்கே சொல்லலாம்னுதான் பாத்தேன். சொன்னா தினமும் போடச் சொல்லுவியேன்னு..."

"ஆமா, சொல்லுவேன்தான்! அதுக்காக இல்லாத கடையைக் கட்டுவீகளா?"

 பூங்கோதைக்குக் கடை போனதுகூடப் பரவாயில்லை. கேட்டிருந்தால் வீட்டிலேயே கிடைத்திருக்கும் ஒன்றுக்காக அவள் கடல் தாண்டிப் போகப் பார்த்தாளே, அதுதான் தாங்கவில்லை.

"அப்போ ட்ரிப் கேன்சலாம்மா?" என்றாள் கவிப்ரியா.

"எதுக்குக் கேன்சல்? கடல் பாத்த ரூமா, அடுப்போட எடு. பில்டர் உங்கப்பா பொட்டியில வரும்."

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. பூங்கோதை எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். சமையலறையில் விளக்கு எரிந்தது.

"பூங்கோதை, பில்டரு எங்க இருக்கு?"

"ஜங்லிகாட்ல எங்க இருந்துச்சோ, அங்கதான்!"

கொஞ்ச நேரத்தில் பில்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிதானமான, பழகிய தட்டு. பால் பொங்கி வழியவில்லை. காப்பி கட்டிலுக்கே வந்தது.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அதே பொடி, அதே டிப்போ பால். ஆனால் அவள் காப்பியைவிட நன்றாக இருந்தது. பாழாய்ப் போன மனுஷன்! கோபத்தில் கண் நிறைந்தது, கோபம் மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் ஜோதிலிங்கம், வாசற்படியிலேயே நின்றபடி.

"சுமார்தான்" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள். "இன்னும் அரை டம்ளர் ஊத்துங்க. அந்தமான் போற வரைக்கும் தினம் போட்டுப் பழகணும்ல."